நானூறு செல்கள்

உப்புநீர் ஆவியை இழுத்து
இருமி இருமி
மூடியிட்ட கிண்ணத்தில் சன்னாசி தந்ததை
ஒரு மணி நேரத்துக்குள் பதப்படுத்திவிட வேண்டும்.
தாமதித்தால் செல்கள் சிதையும்.
ஜார்ஜ்டவுன் ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடியில்
எனக்கு இதுதான் வேலை:
நெஞ்சின் அடியிலிருந்து வந்த சளியில்
நானூறு வரை எண்ணுவது.

ஊதாச் சாயத்தில் நியூட்ரோஃபில்கள்,
கரு மூன்றாய் நான்காய் முறிந்து
பிய்த்துப் போட்ட ரொட்டி மாதிரி.
நடுநடுவே மேக்ரோஃபேஜ்கள், பருத்து,
வயிற்றில் கரும்புள்ளிகளோடு.
அது டீசல்.
பழைய பெர்ரியின் இஞ்சின் அறையில்
முப்பத்தோரு வருடம் எண்ணெய் போட்டவர்.
பட்டர்வொர்த்துக்கும் தீவுக்கும் நடுவே
கடலைப் பார்க்காமலே
எத்தனை ஆயிரம் முறை கடந்திருப்பார்.
பெர்ரி ஓய்வு பெற்றுவிட்டது.
புள்ளிகள் இன்னும் பணியில் இருக்கின்றன.

பன்னிரண்டு வாரத்துக்கு முன்
நியூட்ரோஃபில் நூற்றுக்கு எழுபத்தொன்று
என்று எழுதினேன்.
அன்றிலிருந்து அவருக்குத் தினம் காலை ஓர் இழுப்பு,
நாள் முழுக்க நிற்கும் மருந்து.
மூச்சுக்குழாயை இறுக்கிப் பிடித்த தசையிடம்
விடு, விரலைத் தளர்த்து என்று சொல்லும்.
தளர்த்தும். அதில் சந்தேகமில்லை.

சந்தேகம் குழாயின் உட்சுவரில்.
அங்கே வீக்கம். அங்கே கனல்.
அதையும் இந்த மருந்து தொடுமா?
ஆய்வுக்கூடத்தில் வளர்த்த செல்கள் மேல் விட்டபோது
தொட்டது.
ஆள் திரட்டும் கூச்சல் கொஞ்சம் அடங்கியது.
அன்று கேண்டீனில் எல்லாருக்கும் தே தாரிக்
என் செலவு.
ஆனால் கண்ணாடித் தட்டுக்கு
முப்பத்தோரு வருட டீசல் தெரியாது.
தீப்பெட்டி தீர்ந்த ராத்திரிகளில்
ஒரு சிகரெட்டின் நுனியில்
இன்னொன்றைப் பற்றவைத்தது தெரியாது.

போன முறை சொன்னார்:
"தண்ணீர்மலைல இருபது படிம்மா.
அதோட உக்காந்துட்டேன்.
பின்னால வந்த சீனப் பொண்ணு தண்ணி குடுத்துச்சு."

இன்று வந்து உட்காரும் முன்பே:
"நூத்திப் பதினேழு! எண்ணிக்கிட்டே ஏறினேன்.
திருவிழாகூட இல்ல லா, வெறும் செவ்வாக்கெழமை.
இதுக்கு மேல போவ வேணாம்னு மருமவன்தான் புடிச்சு நிறுத்திட்டான்."
நடுவில் நிறுத்தாமல் சொன்னார்.
வாக்கியம் முடியும்வரை மூச்சு இருந்தது.
படிகளைவிட
எனக்கு அதுதான் உறைத்தது.

சாயம் காய்ந்தது. எண்ணினேன்.
எழுபது.
ஒன்று குறைந்திருக்கிறது.
ஒன்று என்பது என் கண் சிமிட்டல்.
தகட்டைத் திருப்பி வைத்து மறுபடி எண்ணினேன்.
எழுபத்திரண்டு.
சராசரி எழுதச் சொல்கிறது விதி:
எழுபத்தொன்று.

கீழே நாசி லெமாக் பொட்டலத்தை மடியில் வைத்து
பிரிக்காமல் காத்திருந்தார்.
"உள்ள புண்ணு ஆறிடுச்சா?"
நான் சொல்லக்கூடாது. சொன்னேன்.
"ஆறல ஐயா. அப்படியேதான் இருக்கு."
"ஒங்க பூதக்கண்ணாடி பழசா இருக்கும்."
"போன வருசம் வாங்கினது."
சிரித்தார். பிறகு பொட்டலத்து ரப்பரைக் கழற்றியபடி,
"இஞ்சின் ரூம்ல மேல்தட்டுக்கு ஒரே கதவு.
அத தெறந்து வச்சா சூடு ஒண்ணும் கொறயாது.
ஆனா நிக்கலாம்.
ஒரு ஷிப்ட் முழுக்க நிக்கலாம்."

மேலே போய்ப் படிவத்தை நிரப்பினேன்.
செல் எண்ணிக்கைக்குக் கட்டம் இருக்கிறது.
படிக்கு இல்லை.
கட்டத்தில் எழுபத்தொன்று என்று எழுதினேன்,
வேறெதுவும் எழுத எனக்கு உரிமையில்லை.

ஜன்னலில் பார்த்தால் அவர் சாலையைக் கடக்கிறார்.
சிக்னலில் எண்கள் இறங்குகின்றன,
பதினான்கு, பதின்மூன்று.
பச்சை மனிதன் பதறி ஓடுகிறான்.
சன்னாசி ஓடவில்லை.
ஆறு மீதி இருக்கும்போதே அக்கரை சேர்ந்து
விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு
நன்றாக இருமினார்,
முன்பு இருமிய அதே இருமல்.